கிரீன் கார்டு செலவு: கம்பெனி கட்டட்டுமா, நாமே கட்டலாமா?

கையில் இரண்டு ஆஃபர். ஒன்றில் "கிரீன் கார்டு செலவு முழுவதும் எங்களுடையது" என்று போட்டிருக்கிறது. இன்னொன்றில் சம்பளம் வருடத்துக்குப் பத்தாயிரம் டாலர் அதிகம், ஆனால் "லேபர் மட்டும் நாங்கள், மிச்சம் உங்கள் பொறுப்பு". எதை எடுப்பது? ஹெச்-1பி என்ற வேலை விசாவில் அமெரிக்காவில் இருக்கும் வாசகர்கள் விடாமல் கேட்கும் கேள்வி இது. இதற்கு ஒரு தம்பிக் கேள்வியும் உண்டு: இப்போது வேலை செய்யும் கம்பெனியே ஐ-140-க்குப் பணம் கேட்கிறது, கொடுக்கலாமா? புதியவர்களுக்கு: தகுதியான உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று காட்டித் தொழிலாளர் துறையிடம் கம்பெனி வாங்கும் சான்றுதான் லேபர்; அதன்மேல் உங்களுக்காகக் கம்பெனி போடும் குடியேற்ற மனு ஐ-140; கடைசியில் நீங்கள் போடும் கிரீன் கார்டு விண்ணப்பம் ஐ-485.

பலரும் ஃபீஸைக் கூட்டிப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். இந்தியாவில் பிறந்தவர் என்றால், அந்தக் கூட்டுத்தொகையைக் கடைசியில் பார்த்தால் போதும் என்பது என் கருத்து. கம்பெனி எப்போது ஆரம்பிக்கிறது, ஆரம்பிப்பதற்கு உங்களிடம் என்ன கையெழுத்து வாங்குகிறது என்பவைதான் முதலில் பார்க்க வேண்டியவை.

## எதை வைத்து எடை போடுவது

நான்கு கேள்விகள் போதும். அந்தச் செலவை உங்களிடம் வாங்கச் சட்டம் இடம் கொடுக்கிறதா? பணம் எப்போது போகிறது, இந்த வருடமா, பத்து வருடம் கழித்தா? அந்தப் பணம் உங்களை எத்தனை காலம் அங்கே கட்டிப்போடுகிறது? வேலை போனாலோ, நீங்களே விலகினாலோ உங்கள் கையில் என்ன மிஞ்சும்?

கடைசிக் கேள்விக்குத்தான் அதிக மதிப்பெண். லேபர் ஃபைல் ஆன நாள்தான் உங்கள் பிரயாரிட்டி டேட், அதாவது கிரீன் கார்டு வரிசையில் உங்கள் இடத்தைக் குறிக்கும் தேதி. ஆனால் ஐ-140 அப்ரூவ் ஆன பிறகுதான் அந்த டேட் உங்களோடு அடுத்த கம்பெனிக்கு வரும். லேபர் மட்டும் முடிந்த நிலையில் வேலை போனால் கையில் ஒன்றுமில்லை, வரிசையில் மறுபடி கடைசி ஆள். ஐ-140 அப்ரூவ் ஆகி 180 நாள் தாண்டிவிட்டால், 2017 ஜனவரி 17 முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, கம்பெனி அதை வாபஸ் வாங்கினாலும் அந்த அப்ரூவல் ரத்தாகாது. ஹெச்-1பி-யின் ஆறு வருட வரம்பைத் தாண்டிய நீட்டிப்புக்கும் அது உதவும்.

## எந்தப் படிக்கு எவ்வளவு, யார் கட்டலாம்

இவை 2024 ஏப்ரல் 1 முதல் வந்த கட்டணங்கள். பிரீமியம், அதாவது சீக்கிரம் பதில் வாங்கக் கட்டும் தொகை, மட்டும் 2026 மார்ச்சில் ஏறியது.

| படி | கட்டணம் (டாலர்) | யார் கட்டலாம் |
|---|---|---|
| லேபர், அதாவது பர்ம் | அரசுக் கட்டணம் இல்லை; வக்கீல், விளம்பரச் செலவு உண்டு | கம்பெனி மட்டுமே |
| ஐ-140 | 715 | யாரும் |
| அசைலம் புரோகிராம் ஃபீஸ் (அடைக்கலத் திட்டத்துக்கான கூடுதல் கட்டணம்), ஐ-140-உடன் | 600. ஊழியர் 25 பேரோ குறைவோ என்றால் 300. லாபநோக்கற்ற அமைப்புக்கு இல்லை | வழக்கத்தில் கம்பெனி |
| ஐ-140 பிரீமியம் | 2,965 | யாரும் |
| ஐ-485 | 1,440. பெற்றோருடன் போடும் 14 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கு 950 | யாரும் |
| ஈஏடி (வேலை அனுமதி அட்டை), 485-உடன் | 260 | யாரும் |
| அட்வான்ஸ் பரோல் (வெளிநாடு போய்த் திரும்பும் அனுமதி) | 630 | யாரும் |
| மெடிக்கல் | டாக்டருக்கு டாக்டர் மாறும் | பெரும்பாலும் நீங்கள் |

485-க்குப் பதில் மும்பைத் துணைத் தூதரகம் போன்ற இடத்தில் இன்டர்வியூ வைத்துக் கொண்டால் தலைக்கு 345 விசாக் கட்டணம், மேலே 235 இமிக்ரன்ட் ஃபீஸ்.

## லேபர்: இதில் பேரமே இல்லை

2007 ஜூலை 16 முதல், லேபர் சம்பந்தப்பட்ட எல்லாச் செலவையும் கம்பெனிதான் கட்ட வேண்டும் என்பது அமெரிக்கத் தொழிலாளர் துறையின் விதி. இரண்டு ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரில் விளம்பரம், மாநில வேலைவாய்ப்புத் தளத்தில் 30 நாள் அறிவிப்பு, தொழில்முறை வேலை என்றால் இன்னும் மூன்று வகையான ஆள்தேடல், இதையெல்லாம் நடத்தும் வக்கீல் ஃபீஸ் எல்லாம் அதில் அடங்கும். தகுதியான உள்ளூர் ஆள் கிடைத்து முயற்சி பாதியில் நின்றுபோய், மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாலும் அந்த இரண்டாவது செலவும் கம்பெனிக்குத்தான். உங்கள் நலனைப் பார்த்துக்கொள்ள உங்களுக்கென்று தனி வக்கீல் வைத்தால் அவருக்கு நீங்கள் கட்டலாம். கம்பெனி வக்கீலே இரண்டு பேருக்கும் வக்கீல் என்றால், அவர் ஃபீஸ் கம்பெனி தலையில்.

நேரடியாகக் கேட்கக்கூடாது என்று தெரிந்ததால் சில கன்சல்டன்சிகள் சுற்றி வளைத்துக் கேட்கும். "லேபர் முடியும்வரை பில்லிங் ரேட்டில் உன் பங்கைக் கொஞ்சம் குறைச்சுக்கலாம்", "டெபாசிட் மாதிரி வச்சுக்கோ, ஒரு வருஷத்துல திருப்பித் தர்றோம்", "வக்கீலுக்கு நீயே அனுப்பிடு, ரசீது வேண்டாம்". மூன்றும் ஒன்றுதான். சம்பளத்தில் பிடித்தாலும், வேலையை விட்ட பிறகு திருப்பிக் கேட்டாலும் விதிமீறல்தான். மாட்டினால் கம்பெனிக்குத் தடை வரும், சரி. ஆனால் லேபர் ரத்தானால் அதன்மேல் நிற்கும் உங்கள் ஐ-140 என்ன ஆகும் என்று யோசியுங்கள். கம்பெனி வேறு ஆளை வைத்துப் பிழைத்துக்கொள்ளும். ஆகவே "லேபருக்கு நீ கட்டு" என்ற வழியை இந்த ஒப்பீட்டில் நான் சேர்க்கவே இல்லை.

## வழி 1: எல்லாம் கம்பெனி

கேட்கும்போது இனிக்கிறது. பெரிய தயாரிப்புக் கம்பெனிகள் பலவும், பல்கலைக்கழகங்கள், மருத்துவமனைகள் சிலவும் இப்படிச் செய்கின்றன. உங்கள் பாக்கெட்டிலிருந்து போவது மெடிக்கலுக்கு மட்டும் என்று ஆகலாம்.

மறைமுக விலை கையெழுத்துப் போடும் தாளில் இருக்கும். ஐ-140 அல்லது 485 முடிந்து ஒரு வருடமோ இரண்டு வருடமோ இருக்க வேண்டும், முன்னால் போனால் செலவைத் திருப்பித் தர வேண்டும் என்று ஒரு ஒப்பந்தம் நீட்டுவார்கள். இதில் லேபர் செலவைச் சேர்க்க முடியாது, மற்றதைச் சேர்க்கலாம். அதனால் "குடியேற்றச் செலவு மொத்தம் இவ்வளவு" என்று ஒரே தொகையாகப் போட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். எந்தப் படிக்கு எவ்வளவு என்று பிரித்துத் தரச் சொல்லுங்கள். மாதாமாதம் தொகை குறைகிறதா, அவர்களே வேலையை விட்டு எடுத்தால் திருப்பித் தர வேண்டுமா என்று பாருங்கள். லே-ஆஃப் ஆனாலும் நீங்கள் கட்ட வேண்டும் என்று எழுதியிருந்தால் அந்த வரியை எடுக்கச் சொல்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. கலிஃபோர்னியாவில் 2026 ஜனவரி 1-க்குப் பிறகு போடும் வேலை ஒப்பந்தங்களில் "விலகினால் பணம் கட்டு" என்ற வகை நிபந்தனைகளைக் கட்டுப்படுத்தும் ஏபி 692 என்ற சட்டம் வந்திருக்கிறது. அங்கே இருப்பவர்கள் ஒரு வேலைவாய்ப்பு வக்கீலிடம் அந்தத் தாளைக் காட்டிவிடுவது நல்லது.

இன்னும் இரண்டு சின்ன விஷயங்கள். 485 உங்கள் சொந்த விண்ணப்பம் என்பதால், அதற்குக் கம்பெனி கட்டியதைச் சில இடங்களில் டபிள்யூ-2 என்ற வருடாந்திரச் சம்பளப் படிவத்தில் சம்பளமாகச் சேர்த்து வரி பிடிப்பார்கள். ஏப்ரலில் தெரிந்து திடுக்கிடுவதைவிட முன்பே பேரோலில் கேட்டுவிடலாம். அப்புறம், "முழுச் செலவு" என்பதில் மனைவி, பிள்ளைகளின் 485 உண்டா என்று கேளுங்கள். பாதி இடங்களில் இல்லை என்றுதான் பதில் வருகிறது.

இந்த வழி யாருக்குப் பொருந்தும்? அந்தக் கம்பெனியில் எப்படியும் இருக்கப் போகிறவருக்கு. 485 சீக்கிரம் வரப்போகிறவருக்கு.

## வழி 2: லேபரும் 140-ம் கம்பெனி, 485 நீங்கள்

நடுத்தரக் கம்பெனிகளில் நான் அதிகம் பார்ப்பது இதுதான். நியாயமான பங்கீடும்கூட: லேபரும் 140-ம் கம்பெனி போடும் மனுக்கள், 485 உங்களுடையது.

485-க்கு உங்கள் கை என்ன செலவழிக்கும்? கணவன், மனைவி, 14 வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம். பெரியவர்கள் இருவருக்கு 2,880. பிள்ளைகள் இருவருக்கு 1,900. இருவருக்கு ஈஏடி 520. நால்வருக்கும் அட்வான்ஸ் பரோல் 2,520. மொத்தம் 7,820 டாலர். இதற்கு மேல் நால்வருக்கு மெடிக்கல், வக்கீல். பெரிய பிள்ளைக்கு 14 ஆகிவிட்டால் இன்னும் 490 கூடும்.

2024 ஏப்ரலுக்கு முன் பெரியவருக்கு பயோமெட்ரிக்ஸோடு சேர்த்து 1,225 கட்டினால் ஈஏடியும் பரோலும் அதிலேயே அடங்கின. 2020 அக்டோபரில் ஈபி-3 என்ற வேலைவாய்ப்பு வரிசையில் இந்தியாவுக்கு ஃபைலிங் டேட் (எந்தப் பிரயாரிட்டி டேட் வரை 485 போடலாம் என்ற தேதி) 2015 ஜனவரி வரை தாவியபோது அவசர அவசரமாக 485 போட்டார்களே, அவர்களுக்கு ஈஏடியைப் புதுப்பிக்க இன்றும் கட்டணம் இல்லை. இப்போது போடுகிறவர்கள் ஒவ்வொரு முறையும் கட்ட வேண்டும். அதிலும் 2025 டிசம்பரில் ஈஏடி காலத்தை ஐந்து வருடத்திலிருந்து 18 மாதமாகக் குறைத்துவிட்டார்கள். 485 போட்டபின் டேட் பின்னால் போய் மூன்று வருடம் காத்திருந்தால், இந்த 260 திரும்பத் திரும்ப வரும். கம்பெனி "485 செலவு எங்களுடையது" என்று சொன்னாலும் புதுப்பிப்பைச் சேர்த்துச் சொல்கிறதா என்று பாருங்கள்.

மெடிக்கலிலும் ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. 2024 டிசம்பர் 2 முதல் மெடிக்கல் படிவத்தை 485-உடனேயே வைக்க வேண்டும், பிறகு தருகிறேன் என்று சொல்ல முடியாது. அந்த 485 நிராகரிக்கப்பட்டாலோ வாபஸ் ஆனாலோ, அதே மெடிக்கலை அடுத்ததற்குப் பயன்படுத்த முடியாது. மறுபடி ஊசி, மறுபடி பில்.

## வழி 3: லேபர் மட்டும் கம்பெனி, 140-லிருந்து நீங்கள்

சட்டப்படி தவறில்லை. ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது: பணம் உங்களுடையது என்பதால் ஐ-140 உங்களுடையது ஆகிவிடாது. மனுதாரர் கம்பெனிதான். சம்பளம் கொடுக்கும் வசதி இருக்கிறது என்று காட்ட வரிக் கணக்கைக் கொடுக்க வேண்டியது அவர்கள். கையெழுத்து அவர்களுடையது. 180 நாளுக்குள் வாபஸ் வாங்கும் உரிமையும் அவர்களுடையது. நீங்கள் கட்டினீர்கள் என்பதற்காக அப்ரூவல் நோட்டீஸ் காப்பி தர வேண்டிய கட்டாயம்கூட இல்லை. எனவே இந்த வழியில் போனால், கட்டும் முன்பே "ஐ-140 அப்ரூவல் காப்பி எனக்கு வேண்டும்" என்று மெயிலில் சம்மதம் வாங்கிவிடுங்கள்.

இங்கே மாட்டிக்கொள்ளும் இன்னொரு இடம், நேரம். லேபர் அப்ரூவ் ஆன நாளிலிருந்து 180 நாளுக்குள் 140 போய்ச் சேர வேண்டும். 715-ஐ யார் கட்டுவது, 600-ஐ யார் கட்டுவது என்று எச்ஆரும் நீங்களும் மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டிருந்தால், லேபருக்கு ஆன ஒன்றரை இரண்டு வருடமும் வீண். 715 டாலருக்காக அந்த ஆபத்தில் இறங்க வேண்டாம். கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள்.

உண்மையில் இந்த வழியின் நல்ல வடிவம் வேறு: 140-ஐக் கம்பெனி கட்டட்டும், பிரீமியத்தை மட்டும் நீங்கள் கட்டுங்கள். 2,965 டாலர் பெரிய தொகைதான். அதற்கு 15 வேலைநாளில் பதில் வரும். அப்ரூவ் ஆன நாளிலிருந்துதான், கம்பெனி வாபஸ் வாங்கினாலும் அப்ரூவலைக் காக்கும் அந்த 180 நாள் ஓட ஆரம்பிக்கும் என்பதால், நீங்கள் வாங்குவது வேகத்தை மட்டுமல்ல, பாதுகாப்பையும். கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபடுகிறது, ஹெச்-1பி ஆறாவது வருடம் ஓடுகிறது, ஹெச்-4 என்ற குடும்ப விசாவில் இருக்கும் மனைவிக்கு வேலை அனுமதி வேண்டும் என்றால் இதைவிடப் பயனுள்ள செலவு இந்தப் பட்டியலில் இல்லை. இவற்றில் எதுவும் இல்லை என்றால் சாதாரண வரிசையில் விட்டுவிடலாம். பிரீமியம் படிவத்தையும் கம்பெனியோ அதன் வக்கீலோதான் போட முடியும். எனவே "நான் கட்டுகிறேன், போட்டுத் தருவீர்களா" என்று கேட்டு ஒப்புதல் வாங்க வேண்டும்.

## வழி 4: கம்பெனியே வேண்டாம், நீங்களே மனுதாரர்

ஈபி-1ஏ (அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கானது), ஈபி-2 என்ஐடபிள்யூ (தேச நலனுக்காக லேபரிலிருந்து விலக்கு) இரண்டிலும் லேபர் இல்லை, கம்பெனி இல்லை. 715-உடன் அசைலம் ஃபீஸ் 300 சேர்த்து 1,015 டாலர். வக்கீல் வைத்தால் அதற்குப் பல ஆயிரம். பிரீமியம் கட்டினால் ஈபி-1ஏ-க்கு 15 வேலைநாள், என்ஐடபிள்யூவுக்கு 45.

வக்கீல் உங்களுக்கே வேலை செய்கிறார், மனுவின் ஒவ்வொரு தாளும் உங்கள் கையில், யாரும் வாபஸ் வாங்க முடியாது. வேலை போனாலும் மனு நிற்கும். ஆனால் என்ஐடபிள்யூவுக்கும் ஈபி-2 வரிசைதான். பல ஆயிரம் டாலர் கட்டியதால் இந்தியாவில் பிறந்தவருக்கு வரிசை ஒரு நாள்கூடக் குறையாது. "என்ஐடபிள்யூ போட்டால் சீக்கிரம் கிரீன் கார்டு" என்று விற்கிறவர்கள் இதைச் சின்ன எழுத்தில்கூடச் சொல்வதில்லை. வரிசையே மாறுவது ஈபி-1ஏ-இல்தான், அதற்கு உங்கள் துறையில் உச்சத்தில் இருப்பதை நிரூபிக்க வேண்டும்.

ஏற்கெனவே கம்பெனி மூலம் ஐ-140 அப்ரூவ் ஆனவர் அதன்மேல் என்ஐடபிள்யூவுக்குச் செலவழிப்பதில் பெரிய லாபம் இல்லை. கம்பெனி "இரண்டு வருடம் கழித்துப் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுகிறது, உங்களிடம் பிஎச்டியும் ஆய்வும் இருக்கின்றன என்றால், இன்றைக்கே டேட் பிடிக்க இது வழி.

## எங்கே பிறந்தீர்கள் என்பதே கணக்கை மாற்றும்

வேலைவாய்ப்புக் கிரீன் கார்டு வருடத்துக்குச் சுமார் 1,40,000. ஒரு நாட்டில் பிறந்தவர்களுக்கு 7 சதவீத உச்சவரம்பு. இந்தியாவில் பிறந்தவருக்கு ஈபி-2, ஈபி-3 இரண்டிலும் பத்து வருடத்துக்கு மேல் காத்திருப்பு. அதற்குள் இரண்டு மூன்று கம்பெனி மாறியிருப்பீர்கள். இன்று ஆஃபர் கொடுக்கும் கம்பெனி "485-ஐ நாங்கள் கட்டுகிறோம்" என்பது, பெரும்பாலும் அவர்கள் கட்ட வேண்டியே வராத வாக்குறுதி. அதற்காக வருடம் பத்தாயிரம் குறைந்த சம்பளத்தை எடுத்தால், மேலே போட்ட 7,820 கணக்கை ஒரே வருடத்தில் தாண்டி இழப்பீர்கள். வரி போக இரண்டாவது வருடத்தில் என்று வைத்துக்கொண்டாலும் சரி.

யாழ்ப்பாணத்திலோ கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பிறந்தவருக்கு இதே கணக்கு தலைகீழ். குடியுரிமை எது என்பதைவிடப் பிறந்த நாடு எது என்பதுதான் இங்கே கணக்கு. சில வருடங்களில் 485 வந்துவிடும், அநேகமாக அதே கம்பெனியில் இருக்கும்போதே வரும். அவருக்கு "முழுச் செலவு" என்ற வரி உண்மையான பணம். நீங்கள் மதுரையில் பிறந்து, மனைவி மட்டக்களப்பில் பிறந்தவர் என்றால், அவர் பிறந்த நாட்டின் வரிசையை நீங்களும் பயன்படுத்தலாம். இதைத் தெரியாமலே இந்திய வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஆஃபரை எடைபோடும் முன் வக்கீலிடம் இதைச் சொல்லிவிடுங்கள்.

## எச்ஆரிடம் கேட்க வேண்டியவை

முதல் இரண்டு ஆஃபருக்குத் திரும்புவோம். இந்தியாவில் பிறந்து, இன்னும் பிரயாரிட்டி டேட் இல்லாதவர் என்றால், எந்தக் கம்பெனி லேபரை முதலில் ஃபைல் செய்யும் என்று பார்த்து அதை எடுப்பேன். இரண்டும் ஒரே நேரம் என்றால் சம்பளம் அதிகமுள்ளதை எடுப்பேன். ஏற்கெனவே அப்ரூவ் ஆன 140 இருந்தால் அவசரம் குறைவு, சம்பளமும் வேலையும் முன்னால் வரட்டும்.

ஆஃபர் கையெழுத்துக்கு முன் மெயிலில் கேளுங்கள்: "சேர்ந்து எத்தனை மாதத்தில் லேபர் ஃபைல் ஆகும்?" இதில் வார்த்தையைக் கவனியுங்கள். "புராசஸ் ஆரம்பித்துவிடுவோம்" என்றால் அது பிரிவெய்லிங் வேஜ், அதாவது அந்த வேலைக்கு அந்த ஊரில் நடப்பில் உள்ள சம்பள அளவு, கேட்டு அனுப்புவதாக இருக்கலாம். அந்தத் தேதிக்கு வரிசையில் மதிப்பில்லை. "140-ஐ பிரீமியத்தில் போடுவீர்களா, இல்லை நான் கட்டினால் போடுவீர்களா?" "அப்ரூவல் காப்பி கொடுப்பீர்களா?" "திருப்பிக் கட்டும் ஒப்பந்தம் உண்டா, இருந்தால் இப்போதே அனுப்ப முடியுமா?" "குடும்பத்தின் 485, ஈஏடி புதுப்பிப்பு யார் செலவு?"

"கம்பெனி பாலிசி, சேர்ந்த பிறகு பேசிக்கொள்ளலாம்" என்ற பதில் வந்தால், ஆஃபரில் இருக்கும் அந்த "முழுச் செலவு" வரிக்குப் பூஜ்ஜியம் டாலர் என்று போட்டு மறுபடி கூட்டிப் பாருங்கள்.